ஐஸ் பெட்டிக்குப் போன றியோ இலைகள்

ஒரு நாளின் குறிப்பை அன்றைக்கே எழுதி முடித்துவிடுவேன். மறுநாள் அதில் ஒரு சொல்லும் சேர்ப்பதில்லை. இருபது வயதில் எனக்கு நானே விதித்துக்கொண்ட ஒழுங்கு இது, இன்றுவரை மீறியதில்லை. அதனால்தான் தொண்ணூறுகளின் நடுவில் வந்த ஒரு புதன்கிழமையின் பக்கம் எழுதியபடியே கிடக்கிறது. அதில் பிழையான சொல் ஒன்றுகூட இல்லை. அதைக் காட்டிலும் பெரிய பொய்யை நான் வேறெங்கும் எழுதியதும் இல்லை.

அப்போது கல்முனைக்குத் தெற்கே சாய்ந்தமருதில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஆய்வுகூடம் என் பொறுப்பில் இருந்தது. ஓர் அறை, இரண்டு நீண்ட மேசை, கதவு சரியாகப் பூட்டாத ஓர் அலுமாரி, ஒரேயொரு நுணுக்குக்காட்டி. அலுமாரியில் இருந்த போத்தல் ஒவ்வொன்றிலும் வெள்ளை ஒட்டுப் பிளாஸ்திரி ஒட்டி, உள்ளே இருப்பது என்ன, எங்கே வைத்தது, எத்தனை மணிக்கு வைத்தது என்று நீலப் பேனையால் எழுதியிருப்பேன். ஒரு தட்டிலிருந்து மற்றத் தட்டுக்கு மாற்றினால், பழைய எழுத்தை அழிக்காமல் அதன் கீழே புதிய இடத்தையும் நேரத்தையும் எழுதுவேன். ஆசிரியர் அறையில் இதற்கு ஒரு பகிடி இருந்தது: "சேர் பொஞ்சாதிக்கும் லேபல் ஒட்டித்தான் வெச்சிரிக்காராம்." நானும் சேர்ந்து சிரிப்பேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும்.

எங்கள் பாடசாலையில் ஒரு தொண்டர் ஆசிரியை இருந்தார். உயர்தரத்தில் தாவரவியலும் விலங்கியலும் படித்து, பல்கலைக்கழகத்துக்குச் சிறு புள்ளி வித்தியாசத்தில் தவறியவர். சம்பளம் இல்லாமல் ஆறு வருடமாக ஒவ்வொரு நாளும் ஏழரைக்கு முன் வந்தார். நிரந்தர நியமனம் எப்போதாவது வரும் என்ற ஒரே நம்பிக்கையில் கிழக்கில் அப்போது நூற்றுக்கணக்கானவர்கள் அப்படிப் படிப்பித்தார்கள். அவருக்கு முப்பத்துநான்கு வயது நடந்துகொண்டிருந்தது. அந்தமுறை பட்டியலில் பெயர் வராவிட்டால், அடுத்த நேர்முகம் வரும்போது வயதெல்லை தாண்டியிருக்கும். இதை அவர் யாரிடமும் முறையிட்டதில்லை. விண்ணப்பப் படிவத்தைச் சரிபார்த்துக் கொடுத்தவன் நான் என்பதால் எனக்குத் தெரியும்.

உயிர்க்கலம் பற்றிய பாடத்தை என்னைவிட அவர் நன்றாகப் படிப்பித்தார். அதை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் எடுத்தது. நான் கலச்சுவர், முதலுருமென்சவ்வு, கரு, புன்வெற்றிடம் என்று கரும்பலகையில் படம் கீறி அம்புக்குறி போடுவேன். பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். அவர் படம் கீறுவதற்கு முன் கதைக்கத் தொடங்குவார்.

"கலச்சுவர் எங்கட வளவு மதில் மாதிரி புள்ளயள். ஓட்டயும் வெடிப்புமா இரிக்கும், எல்லாம் பூந்து வரும். உள்ளுக்க இரிக்கிற மென்சவ்வுதான் வாசல்ல நிக்கிற உம்மா. தண்ணி வந்தா விடுவா. சீனி வந்தா, நீ ஆரு, எங்க போறாய் என்டு கேட்டு மறிப்பா."

"எங்கட உம்மா ஒருத்தரயும் விடமாட்டா டீச்சர்" என்றாள் பின் வரிசைச் சிறுமி ஒருத்தி.

"அப்ப உங்கட ஊடு வித்தாகும் மகள். வித்துறைக்குள்ள ஒண்டும் லேசாப் போகாது."

வகுப்பு சிரித்து முடியும்போது தெரிவு செய்து புகவிடும் மென்சவ்வு என்றால் என்ன என்று நாற்பது பேருக்கும் விளங்கியிருக்கும்.

நேர்முகக் குழு பாடசாலைக்கே வந்து அவர் எடுக்கும் மாதிரிப் பாடம் ஒன்றைப் பார்த்துப் புள்ளியிடும் என்று கடிதம் வந்தது. அவர் பிரசாரணத்தைத் தெரிவு செய்தார். கரைசல் செறிவாக இருக்கும் பக்கத்தை நோக்கி மென்சவ்வினூடாக நீர் போவதைப் பிள்ளைகளின் கண்ணுக்குக் காட்ட வேண்டும். அதற்குப் பாடசாலைகளில் றியோச் செடியின் இலையைத்தான் எடுப்பார்கள். மேற்புறம் பச்சை, கீழ்ப்புறம் கத்தரிப்பூ நிறம். கீழ்ப்புறத்துத் தோலை மெல்லியதாக உரித்து ஒரு துளி நீரில் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு கலமும் ஊதாச் சாறு நிரம்பிய அறைபோலத் தெரியும். சீனிக் கரைசலைச் சேர்த்தால் நீர் வெளியேறும். சாறு சுவரை விட்டு விலகி நடுவில் உருண்டையாகச் சுருங்கும். மறுபடி நீர் விட்டால் பழையபடி நிரம்பும். கற்பிப்பவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது, எந்த வருடமும் பிழைத்ததில்லை.

எங்கள் தண்ணீர்த் தாங்கியின் அடியில் றியோ ஒரு பாத்தியாக வளர்ந்திருந்தது. குழு வருவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அதிபர் சிரமதானம் வைத்தார். பெற்றோர் முப்பது பேர் வந்து வளவைச் சுரண்டித் துப்புரவாக்கினார்கள். திங்கள் காலை நானும் அவரும் போய்ப் பார்த்தபோது தாங்கியின் அடியில் வெள்ளை மணல் பரவியிருந்தது.

"அந்த ஊதாப் பூடா?" என்றார் அதிபர். "அது களையில்லியா? குழு வரக்குள்ள வளவு பளிச்சென்டு இரிக்க வேணாமா?"

சிரமதானத்துக்கு நானும் போயிருந்தேன். அள்ளிய குப்பை நான்கு வண்டில் என்று எழுதியும் வைத்திருந்தேன். நான்கு வண்டிலுக்குள் என்ன போனது என்று பார்க்கவில்லை.

ஆசிரியை அன்று பின்னேரமே தன் உம்மாவோடு காரைதீவுக்குப் போனார். நடந்தே போகக்கூடிய தூரம்தான். ஆனால் அது தமிழ் ஊர், எங்களது முஸ்லிம் ஊர்; கலவரங்களுக்குப் பிறகு அந்த மாதங்களில் எங்கள் ஊர் ஆட்கள் அங்கே போவதும் அங்குள்ளவர்கள் இங்கே வருவதும் மிகவும் குறைந்திருந்தது. அவரோடு உயர்தரம் படித்த ஒரு தமிழ்ப் பெண் அங்கே இருந்தாள். அவள் வீட்டுக் கிணற்றைச் சுற்றி றியோ நட்டிருந்தாள். ஐந்து வருடமாக இருவரும் சந்தித்திருக்கவில்லை. இலைக்காகப் போனவர் தேத்தண்ணீர் குடித்து, இரண்டு பேரும் அழுது, ஏழு இலையோடு திரும்பி வந்தார்.

"சென்றியில ஆமிக்காரன் பெட்டியத் தொறக்கச் சொன்னான் சேர்" என்று செவ்வாய் காலை சிரித்தபடி சொன்னார். "இலயப் பாத்திட்டு, வெத்திலயா என்டு அவன்ட பாசையில கேட்டான். ஓம் என்டுட்டன். ஊதா வெத்தில அவன் எங்க கண்டான்!"

இலைகளை ஈரத்துணியில் சுற்றி, இளம்பச்சை நிறச் சாப்பாட்டுப் பெட்டி ஒன்றில் வைத்திருந்தார். அவர் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. பாடசாலைக்குப் பின்னாலேயே என் வீடு. என் வீட்டில் சின்னதாக ஒன்று இருந்தது. அதன் கீழ்த் தட்டில் வைத்தால் புதன்கிழமை வரை இலை வாடாது. என் பழக்கத்தைத் தெரிந்தவர் என்பதால் மூடியில் அவரே பிளாஸ்திரி ஒட்டி, "றியோ, ஏழு இலை, கீழ்த் தட்டு, காலை 7.15" என்று எழுதியிருந்தார்.

"லேபல் சரியா சேர்?" என்றார்.

"சரி" என்று வாங்கிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் அதிகாரிகள் வந்தால் சாப்பாடு இல்லாமல் அனுப்புவதில்லை. பாடசாலை எந்த நிலையில் இருந்தாலும் சாப்பாட்டில் குறை வைக்கமாட்டோம். அதிபர் பொறுப்புகளைப் பகிர்ந்து கொடுத்திருந்தார். ஒருவருக்குப் புரியாணி, ஒருவருக்கு இளநீர், ஒருவருக்குக் கோலாட்டம் போன்ற பொல்லடி ஆடும் குழு. என் வீட்டுக்கு வட்டிலப்பம். செவ்வாய் பின்னேரம் என் மனைவி தேங்காய்ப்பால், முட்டை, கருப்பட்டி எல்லாம் அடித்து, இருபத்தெட்டுக் கிண்ணத்தில் அவித்து இறக்கினாள். ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாள்.

"இஞ்சாருங்க, இந்த இலப் பெட்டிய எடுங்க."

"அது நாளைக்குப் பாடத்துக்கு."

"வட்டிலப்பமும் நாளைக்குத்தான். இருபத்தெட்டுக் கிண்ணம். நான் என்ட தலயிலயா அடுக்கிற?"

கிண்ணங்களை மூன்று விதமாக அடுக்கிப் பார்த்தேன். எப்படி அடுக்கினாலும் பெட்டிக்கு இடமில்லை. மேலே, ஐஸ் உறையவைக்கும் சின்ன அறையான ஐஸ் பெட்டி வெறுமையாக இருந்தது. அந்த நாட்களில் மின்சாரம் அடிக்கடி நின்றது. நின்றால் கடைசிவரை குளிர் நிற்பது ஐஸ் பெட்டியில்தான். குளிர் கூடினால் இலை இன்னும் புதிதாக இருக்கும் என்றும் நினைத்தேன். நினைத்தேன் என்று எழுதுவதற்கே கை கூசுகிறது. நீர் உறையும்போது விரியும் என்பதை எட்டாம் வகுப்புக்கு ஒவ்வொரு வருடமும் படிப்பிப்பவன் நான். நீர் நிரப்பிய போத்தலை உறையவைத்து, வெடித்த போத்தலைக் கையில் உயர்த்திக் காட்டியும் இருக்கிறேன். இலையில் பெரும்பகுதி நீர் என்பதும், அந்த நீர் ஆயிரமாயிரம் கலங்களுக்குள் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியாததல்ல. அந்த நேரத்தில் என் கண்ணுக்கு இலை தெரியவில்லை, இடம் பிடிக்கும் ஒரு பெட்டிதான் தெரிந்தது.

பெட்டியை ஐஸ் பெட்டிக்குள் வைத்தேன். வைப்பதற்கு முன், அவருடைய எழுத்தின் கீழே என் எழுத்தில் "ஐஸ் பெட்டி, மாலை 5.10" என்று எழுதினேன்.

புதன் காலை ஆறரைக்கு எடுத்தபோது பெட்டியின் மேல் வெண்படலம் பூத்திருந்தது. இலைகள் தகடுபோல நிமிர்ந்து நின்றன. நன்றாக விறைப்பாக இருக்கின்றன என்று திருப்திப்பட்டு, பெட்டியைக் கொண்டுபோய் ஆய்வுகூட மேசையில் வைத்தேன். அவர் ஏழேகாலுக்கே வந்து ஒருமுறை செய்து பார்க்க நினைத்திருந்தார். ஆனால் அதிபர் ஆசிரியைகள் எல்லோரையும் வாசலில் வரிசையாக நிற்கச் சொல்லிவிட்டார். குழு எட்டரைக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள். வந்தது பத்து ஐம்பதுக்கு. மூன்றரை மணித்தியாலம் அவர் வெயிலில் பன்னீர்ச் செம்போடு நின்றார். இலைகள் மேசையில் உருகிக்கொண்டிருந்தன.

குழுவில் மூன்று பேர். தலைவர் பருத்தவர், எதற்கும் ஒரு பகிடி வைத்திருப்பவர். இரண்டாமவர் விஞ்ஞானப் பாட ஆலோசகர். மூன்றாமவர் அன்று முழுவதும் வாய் திறந்தது சாப்பாட்டு நேரத்தில் மட்டும். பொல்லடி முடிந்து, இளநீர் முடிந்து, அதிபரின் உரை முடிந்து, பதினொன்று இருபத்தைந்துக்குப் பாடம் தொடங்கியது. நான் பின்சுவரோடு நின்றேன்.

தொடக்கம் அருமையாக இருந்தது. மதிலும் வாசலில் நிற்கும் உம்மாவும் வந்தார்கள். ஆலோசகர் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு ஆசிரியை பெட்டியைத் திறந்து துணியை விரித்தார். இலைகள் கறுத்து, அவித்த கீரைபோலத் துவண்டு கிடந்தன. அவர் ஒரு கணம் நின்று, நல்லதாக ஒன்றைத் தேடி எடுத்து, சவர அலகால் கீழ்த்தோலை உரித்தார். தோல் நீர்த்துளியில் பட்டவுடன் துளி முழுவதும் ஊதாவாகியது. உறைந்து வெடித்த போத்தல் அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

அவர் நுணுக்குக்காட்டியில் குனிந்து பார்த்தார். சீனிக் கரைசல் விட்டார், ஒற்றுத்தாளால் மறுபக்கம் உறிஞ்சினார், இரண்டு நிமிடம் காத்திருந்தார். மறுபடி பார்த்தார். இன்னொரு தோல் உரித்தார். அதுவும் அப்படியே.

ஆலோசகர் எழுந்து வந்து கண்ணை வைத்தார். "எங்க டீச்சர் சுருங்கியிரிக்கு? எனக்கு ஒண்டும் தெரியலியே."

"கலம் இண்டைக்கு லீவு போல" என்றார் தலைவர். அதிபர் முதலில் சிரித்தார், பிறகு பிள்ளைகளும் சிரித்தார்கள்.

ஆசிரியை சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. பெட்டியின் மூடியை எடுத்துத் திருப்பிப் பார்த்து மேசையில் வைத்தார். பதற்றத்தில் கை எதையோ தொடுகிறது என்றுதான் நான் நினைத்தேன். பிறகு நிமிர்ந்து சொன்னார்:

"இது செத்த கலம் சேர். உயிரோட இரிக்கும் மட்டும்தான் மென்சவ்வு தெரிஞ்செடுத்து விடும். செத்தா அது ஒண்டையும் மறிக்காது. உள்ள இருந்த நிறம் வெளிய வந்திட்டு, வெளிய இருந்த சீனி உள்ள போயிட்டு. ரெண்டு பக்கமும் ஒரே செறிவு. மறுகா எப்படிச் சுருங்கும்?"

அந்த மாதிரிப் பாடத்தின் மிகச் சரியான ஆறு வசனங்கள் அவை. ஆலோசகர் பேனையை மூடினார்.

"அப்ப உயிருள்ள கலத்தப் படிப்பிக்க மையத்தக் கொண்டு வந்திரிக்கீங்க."

மையத்து என்று அவர் சொன்னது பிணத்தை. மறுபடி சிரிப்பு.

"ஒரு சிவப்பு வெங்காயம் இருந்தாக் காணும் சேர். அஞ்சு நிமிசத்தில காட்டுவன்" என்றார் அவர். பிறகு நேராக என்னைப் பார்த்தார். "சேர், சமையல் நடக்கிற இடத்தில ஒரு வெங்காயம் வாங்கித் தாறீங்களா?"

நான் ஓடினேன். வெங்காயத் தோலின் கலங்களும் அதே வேலையைச் செய்யும். நிறம் கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். வளவின் பின்புறம் சமையற்காரர் பெரிய சட்டியைக் கிளறிக்கொண்டு நின்றார்.

"வெங்காயமா? சேர், பச்சடிக்கு நொட்ட சொல்ல வந்தீங்களா?"

"இல்ல, கெதியாத் தாங்க."

"இந்தாங்க, மூண்டு. நாளைக்கு இதுக்கும் லேபல் ஒட்டிராதீங்க."

மூன்றையும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். விறாந்தையில் அதிபர் எதிர்ப்பட்டார். கையில் கிண்டி, விருந்தாளிகளுக்குக் கை கழுவ நீர் ஊற்றும் மூக்குச் செம்பு.

"என்ன அது?"

"வெங்காயம். டீச்சர்ர பாடத்துக்கு."

"பாடம் முடிஞ்சி. அவங்க எழும்பிட்டாங்க. ஒரு மணிக்கு வேற ஸ்கூல் இரிக்காம். இந்தாங்க, கைக்குத் தண்ணி ஊத்த ஆளில்ல. நீங்க புடிங்க."

நான் நின்ற இடத்திலிருந்து ஆய்வுகூடத்தின் யன்னல் தெரிந்தது. அவர்கள் எழும்பியிருக்கவில்லை. தலைவர் கதிரையில் சாய்ந்து மூன்றாமவரோடு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஆலோசகர் பிள்ளைகளின் கொப்பி ஒன்றைப் புரட்டினார். ஆசிரியை நுணுக்குக்காட்டிக்குப் பக்கத்தில், சுத்தமாகத் துடைத்த புதிய கண்ணாடித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கதவைப் பார்த்தபடி நின்றார். ஆய்வுகூடக் கதவுக்கு இன்னும் பதினைந்து அடி இருந்திருக்கும்.

வெங்காயத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிண்டியை வாங்கினேன்.

பிறகு அவர்கள் எழும்பி வந்தார்கள். மூன்று பேரின் கைக்கும் நான்தான் நீர் ஊற்றினேன். எல்லோரும் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டான சஹனைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வட்டிலப்பம் வந்தபோது அதுவரை பேசாதிருந்த மூன்றாமவர், "இது ஆர்ர கைப்பாகம்?" என்று கேட்டார். அதிபர் என்னைக் காட்டினார். மூன்று பேரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

"பொடிச்சி கெட்டிக்காரிதான்" என்றார் ஆலோசகர், விரலை நக்கியபடி. "விசயம் தெரியிது. ஆனா ஆயத்தம் இல்ல. ஆயத்தத்துக்குப் பூச்சியம்தான் போடணும்."

"இலயக்கூட ஒழுங்கா வைக்கத் தெரியல" என்றார் தலைவர்.

நான் அவர்களுக்குப் பின்னால் கிண்டியோடு நின்றேன். ஒரு வசனம் போதும்: இலையைக் கெடுத்தவன் நான். அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. சொன்னால் வட்டிலப்பத்துக்கு இடம் விடத்தான் அது நடந்தது என்பதும் வரும், அதிபர் முகம் கறுக்கும், லேபல் ஒட்டுகிறவர் இலையை உறையவைத்த கதையை ஆசிரியர் அறை பத்து வருடம் சொல்லும். இவ்வளவுதான் தடை. மறுபக்கத்தில் ஒரு பெண்ணின் ஆறு வருடம் இருந்தது. இரண்டையும் நிறுத்துப் பார்க்க எனக்கு நேரம் இருந்தது. நான் நிறுக்கவில்லை, இரண்டாவது முறை கை கழுவ வந்தவர்களுக்கு நீர் ஊற்றினேன்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியபோது மூன்று வெங்காயமும் நிலத்தில் விழுந்தன.

"இதென்ன?" என்றாள் மனைவி.

சொன்னேன். அவள் கழுவிக்கொண்டிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"நான் இடம் கேட்டன். ஐஸ்ஸுக்குள்ள போடச் சொன்னனா?"

"இல்ல."

"அப்ப இப்பவே போய்ச் சொல்லுங்க. அவங்க இன்னும் கல்முனை தாண்டியிருக்கமாட்டாங்க. அவங்களப் புடிக்க ஏலாட்டி அந்தப் புள்ளயிட்டயாச்சும் போய்ச் சொல்லுங்க."

நான் ஆய்வுகூடத்துக்குப் போனேன். அசர் தொழுகைக்குப் பிந்திய வெளிச்சம் நுணுக்குக்காட்டிக்குப் போதுமாக இருந்தது. வெங்காயத்தின் ஓர் இதழை மடித்து முறித்து, வெளிப்புறத்துத் தோலை உரித்தேன். அறை அறையாக இளஞ்சிவப்பு. சீனிக் கரைசல் விட்டு மணிக்கூட்டைப் பார்த்தேன். மூன்றாம் நிமிடம் மூலைகள் விலகின. நாலரை நிமிடத்தில் ஒவ்வொரு சுவருக்குள்ளும் சாறு தனியே உருண்டு நின்றது, சுவர் அசையவில்லை. தெளிவாக, புத்தகத்தில் உள்ள படத்தைவிடத் தெளிவாக. அப்படி ஒன்றை நான் ஒருநாளும் காட்டியதில்லை. பார்க்க யாருமில்லாத அறையில் அது நடந்தது.

அன்றைய நாட்குறிப்பை அதன் பிறகுதான் எழுதினேன்.

நான்கு மாதத்தில் பட்டியல் வந்தது. அவர் பெயர் இல்லை. அந்தப் பட்டியல் முன்கூட்டியே எழுதப்பட்டது, இன்னாருடைய கடிதம் கொண்டுபோனவர்களுக்குத்தான் இடம், மாதிரிப் பாடமெல்லாம் கண்துடைப்பு என்று ஊரில் கதைத்தார்கள். அந்தக் கதையை நான் ஆவலோடு கேட்டேன், இரண்டு பேருக்குச் சொல்லவும் செய்தேன். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எனக்கு அது ஒருநாளும் தெரியவராது. பாடம் சரியாக நடந்தும் பெயர் வராமல் போயிருந்தால், அநியாயம் அவர்களுடையது என்று அவர் எங்கேயும் நிமிர்ந்து நின்று சொல்லியிருக்கலாம். அவருடைய தோல்விக்குக் காரணம் எது என்று பிரித்தறிய முடியாதபடி நான் அந்தச் சோதனையையே கெடுத்துவிட்டேன். இலையை மட்டும் கெடுத்திருந்தால் பரவாயில்லை.

பட்டியல் வந்த பிறகும் அவர் தவணை முடியும்வரை வந்தார். பத்தாம் வகுப்புக்குச் சுவாசம் பாதியில் நிற்கிறது என்று சொல்லி, அதை முடித்தார். கடைசி நாள் பாடசாலை விட்ட பிறகு ஆய்வுகூட வாசலில் வந்து நின்றார்.

"சேர், என்ட சாப்பாட்டுப் பெட்டி."

அது அலுமாரியில்தான் இருந்தது. அன்றைக்கு மேசையில் கிடந்ததை நான்தான் கழுவித் துடைத்து வைத்திருந்தேன். பிளாஸ்திரியைக் கழற்றவில்லை, நான் எந்த லேபலையும் கழற்றுவதில்லை. எடுத்துக் கொடுக்கும்போதுதான் மூடியில் இரண்டு கையெழுத்தும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருப்பதைக் கண்டேன். அவருடையது சாய்வானது. என்னுடையது நிமிர்ந்தது.

"இத அண்டைக்கே வாசிச்சிட்டன் சேர்" என்றார். "பாடத்துக்கு நடுவில."

மூடியைத் திருப்பிப் பார்த்தது என் நினைவுக்கு வந்தது. "அப்ப ஏன் அவங்ககிட்ட சொல்லல்ல?"

"எல்லாரும் சிரிச்சிக்கிட்டு இருந்தாங்க. உங்களையும் பாத்துச் சிரிக்கட்டும் என்டு எப்படி சேர் சொல்ற? நீங்களாச் சொல்லுவீங்க என்டு பாத்தன். உங்களுக்குச் சொல்ல விருப்பமில்லாட்டி வேறொரு வழி இரிக்கட்டும் என்டுதான் வெங்காயம் கேட்டன். நீங்க அதக் கொண்டு வந்திருந்தா, இந்தப் பெட்டிக் கதய மௌத்து வரைக்கும் கதைச்சிருக்கமாட்டன்."

அதிபர் மறித்தார் என்பது நாக்கு நுனிவரை வந்தது. யன்னல் வழியாக நான் கண்டதும் கூடவே வந்ததால் அதை விழுங்கினேன்.

"டயரியில எழுதினீங்களா?"

"இல்ல."

"எல்லாம் எழுதுவீங்களே சேர்."

பெட்டியைக் கைப்பைக்குள் வைத்தார். கை நீட்டி, "அந்த லேபலக் கழட்டித் தரட்டா?" என்றேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

"வேணாம், கிடக்கட்டும். உங்கட எழுத்து நல்ல வடிவு" என்றார். ஸலாம் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் இப்போது வீட்டில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறார். அவரிடம் போகும் பிள்ளைகள் என் வகுப்பிலும் இருக்கிறார்கள். மென்சவ்வு என்று நான் தொடங்கியதும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். வாசலில் நிற்கும் உம்மா அவர்களுக்குத் தெரியும். எனக்குப் படம் கீறி அம்புக்குறி போடத்தான் தெரியும், அதையே செய்கிறேன்.

அந்தப் புதன்கிழமையின் பக்கத்தைப் பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். கீழே இரண்டு விரற்கடை வெற்றிடம் இருக்கிறது. ஒரு வசனம் தாராளமாகப் பிடிக்கும். ஆனால் மறுநாள் சேர்ப்பதில்லை என்பது என் ஒழுங்கு. அந்தப் பக்கத்துக்கு மட்டும் அதை மீறினால் பாவம் கழுவுவதற்காக ஒழுங்கை மீறியதாக இருக்கும், அதுவும் ஒரு பொய். ஆகவே அது இப்படியே இருக்கிறது:

"நேர்முகக் குழு மூவர். வரவு காலை 10.50. மாதிரிப் பாடம் 11.25. பகலுணவு 12.00. ஆட்டிறைச்சிப் புரியாணி, பச்சடி, வட்டிலப்பம் இருபத்தெட்டுக் கிண்ணம், மீதி மூன்று. விருந்தினர் திருப்தி. வானம் தெளிவு."